ஒரே கிருமி, இரண்டு கால்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில், வீங்கிய காலோடு நான் படுத்துக் கிடந்தேன்.

நான் கொக்குவிலில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அந்த மாரியில் அடித்த காற்றுக்கு எங்கள் வளவெல்லாம் பனையோலையும் மட்டையுமாக விழுந்து கிடந்தது. அவற்றை இழுத்து ஒதுக்கும்போது ஒரு மட்டையின் கருக்கு என் வலது புறங்காலைக் கிழித்துவிட்டது. பனங்கருக்கு தெரியும்தானே, மரம் அரியும் வாளின் பல்லுப்போல இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன். நோவு கூடியபோது சந்தி மருந்துக் கடையில் குளிசை வாங்கிப் போட்டேன். நோவு கொஞ்சம் அடங்கியதும் மிச்சக் குளிசைகளை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தேன். பிறகு ஒருநாள் விடிய எழும்பியபோது காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. கணுக்கால் வரைக்கும் சிவந்து மினுங்கியது. காய்ச்சலில் பல்லுக் கிடுகிடுத்தது. என் கணவர் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எனக்கு அடுத்த கட்டிலில்தான் அந்த அக்கா இருந்தார். கொழும்புத்துறைக்காரி. ஐம்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். வெயிலில் கறுத்த, உரமான கைகள். அவருடைய குரல் வாட்டின் மற்றத் தொங்கலுக்கும் கேட்கும். என்னைக் கட்டிலில் கிடத்தியதும் கிடத்தாததுமாக எட்டிப் பார்த்தார்.

"உமக்கு என்ன பிள்ளை, முள்ளோ?"

"இல்லை அக்கா. கருக்கு வெட்டினது."

"எனக்குத் திருக்கை முள்ளெண்டுதான் நினைக்கிறன். ஆனா குத்தினது எனக்கே தெரியாது."

அவருடைய கணவர் கடலில் நண்டு வலை போடுகிறவர். விடியப்புறம் படகு கரைக்கு வரும்போது அக்கா முழங்காலளவு தண்ணீரில் நின்று வலையிலிருந்து நண்டு கழற்றுவாராம். அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து குசினிக்குள் நடந்தபிறகு பார்த்தால் சீமெந்து நிலமெல்லாம் இரத்தம்.

"நான் நாய்க்குத்தான் காயமெண்டு நினைச்சு, நாயைப் பிடிச்சு நாலு காலையும் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அது பாவம், என்னைப் பாத்து முழிக்குது. பேந்து பாத்தால் காயம் என்ரை காலிலை!"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். காய்ச்சலோடு கிடந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. அதனால் பாதம் மரத்துப்போய், முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாமல் போகும் என்று தாதி பிறகு எனக்குச் சொன்னார். அக்காவோ அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு நோவில்லை பிள்ளை. உம்மைப் பாத்தால்தான் பாவமாயிருக்கு" என்பார்.

முதல் நாளே தாதி எங்கள் இருவருடைய புண்களையும் கழுவி, பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை உள்ளே விட்டுத் துடைத்து எடுத்து, குழாய்க்குள் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். என்ன கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று வளர்த்துப் பார்ப்பார்களாம். அது வரும்வரைக்கும் பொதுவான ஒரு மருந்து ஏற்றினார்கள்.

அந்த இடைவெளியில் நாங்கள் நல்ல சிநேகிதமாகிவிட்டோம். பார்வையாளர் நேரத்தில் அவருடைய கணவர் சோறு கொண்டு வருவார். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். என் வீட்டிலிருந்து வரும் மரக்கறிகளை அக்கா ருசி பார்ப்பார். அவருடைய மீன் குழம்பில் எனக்கு ஒரு பங்கு நிச்சயம். பின்னேரங்களில் செபமாலை உருட்டும்போது அவர் என்னைப் பார்த்து, "நான் அந்தோனியாரைப் பிடிக்கிறன். நீர் உங்கடை முருகனைப் பிடியும். ரெண்டு பக்கத்தாலையும் அமத்துவம்" என்று சொல்லுவார். சுற்றியிருந்த கட்டில்காரர் எல்லாம் என்னை ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் மட்டும் பிள்ளை என்றே கூப்பிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆய்வுகூட அறிக்கை இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. வாட்டில் ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். படித்து முடித்துப் புதிதாக வந்தவர். எதையும் பொறுமையாக விளங்கப்படுத்துவார். அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கிருமிதான். ஒரே மருந்துக்குத்தான் கேக்குது."

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் இனிச் சொந்தக்காரர்" என்றார் அக்கா.

எனக்கு ஒரு ஆர்வம். எப்படி இதைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். டொக்டர் தன் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். தன் படிப்புக்காக ஆய்வுகூடத்தில் எடுத்து வைத்திருந்தாராம். உள்ளங்கை அளவில் ஒரு வட்டத் தட்டு. அதன் மேல் பாலாடை படிந்ததுபோல மங்கலாகக் கிருமி வளர்ந்திருந்தது. அங்கங்கே சட்டைப் பொத்தானை விடச் சிறிய வெள்ளைக் கடதாசிப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒவ்வொரு மருந்தில் தோய்த்ததாம். சில பொட்டுகளைச் சுற்றிக் கிருமி நெருங்கி வளர்ந்திருந்தது. அந்த மருந்து அதற்குக் கேட்காது. வேறு சிலவற்றைச் சுற்றி வடிவான ஒரு வட்டம், துடைத்துவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. அந்த இடத்தில் கிருமியால் வளர முடியவில்லை. அந்த மருந்தைத்தான் எங்களுக்கு ஏற்றப் போகிறார்கள்.

அக்கா தொலைபேசியைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அட, கிட்டவும் போகேலாமல் நிக்குது, என்ன?" என்று அதிசயப்பட்டார். பிறகு மற்றக் கட்டில்காரருக்கும் கூப்பிட்டுக் காட்டினார். பின்னேரம் கணவர் வந்தபோது கையால் வட்டம் போட்டுப் போட்டு விளங்கப்படுத்தினார். நானும் சேர்ந்து சொன்னேன். அந்த மனிதர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்ததைக் கண்டேன்.

இருவருக்கும் ஒரே ஊசி மருந்து. தாதி ஒரே தட்டத்தில் கொண்டு வந்து, எனக்கு ஏற்றிவிட்டு அப்படியே திரும்பி அவருக்கு ஏற்றுவார்.

எனக்கு அந்த மருந்து உடனே வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. மினுங்கிக்கொண்டிருந்த தோல் சுருங்கத் தொடங்கியது. நோவு போய்ப் புண்ணில் அரிப்பு வந்தது. அது புண் ஆறி மாறுகிற அரிப்பு என்று தாதி சொன்னார். ஒருநாள் காலை, இனிக் கொஞ்சம் நடந்து பாருங்கோ என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலைப் பிடித்து எழும்பி, மெல்ல மெல்ல வாட்டின் வாசல் வரைக்கும் நடந்தேன். அக்கா எழும்பியிருந்து கை தட்டினார். எனக்குள் இருந்த சந்தோசத்தில், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டுவதுபோல வாசலில் நின்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தேன். வாட்டே சிரித்தது.

"அடுத்தது நான்தான்" என்றார் அக்கா.

அந்த நடை என் நினைவை விட்டுப் போவதேயில்லை.

ஏனென்றால் அவருடைய கால் மாறவில்லை. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனால் புண்ணைக் கழுவும்போது வந்த மணம் குறையவில்லை. சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் முதலில் நீலம்பாரித்தன. பிறகு கறுக்கத் தொடங்கின. தாதி மருந்து கட்டும்போது முன்போலப் பகிடிக்குப் பதில் சொல்லாமல் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்.

பெரிய டொக்டர் வந்து பார்த்தார். அக்காவின் காலை அங்கே இங்கே அமத்திப் பார்த்தார். ஏதோ கருவி வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவசரமில்லாத, நல்ல மனிதர்.

"அம்மா, இந்த ரெண்டு விரலையும் எடுக்க வேணும். இப்ப எடுத்தால் ரெண்டு விரலோடை நிக்கும். விட்டால் மேலுக்கு ஏறும்."

அக்கா குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். பிறகு, "இல்லை டொக்டர். விரல் வெட்ட நான் விடமாட்டன்" என்றார்.

அவருக்கு அது வெறும் விரல் இல்லை. அதை அவர் எனக்குப் பிறகு சொன்னார். கடற்கரைச் சேற்றில் நிற்கும்போது கால் விரல்களால்தான் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். அலை இழுக்கும், வலை இழுக்கும். ஓரத்து விரல் இல்லாவிட்டால் சரிந்து விழ வேண்டியதுதான். கணவருக்கு மூச்சு இளைப்பு. தனியே நண்டு கழற்றி, வலை அலசி, சந்தைக்கும் கொண்டுபோக அவரால் ஏலாது. "நான் தண்ணியிலை நிண்டால்தான் வீட்டிலை உலை வைக்கலாம் பிள்ளை" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் அந்த இளம் டொக்டர் மறுபடி வந்தார். அக்காவின் கட்டிலில் இருந்துகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அக்கா, அந்தத் தட்டிலை மருந்தும் கிருமியும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தது. அதாலை மருந்து வேலை செய்தது. உடம்பிலை அப்பிடி இல்லை. கையிலை ஏத்திற மருந்தை இரத்தம்தான் காலுக்குக் கொண்டு போகவேணும். சீனி வருத்தத்தாலை உங்கடை காலுக்கு இரத்தம் போற குழாய் அடைபட்டுப் போச்சுது. மருந்து அந்த விரலுக்குப் போய்ச் சேரவே இல்லை."

"அப்ப ரீச்சற்றை காலுக்கு எப்பிடிப் போச்சுது?"

"அவவுக்கு அந்த வழி திறந்திருக்கு."

அக்கா நம்பாமல் பார்த்தார். டொக்டர் ஒரு காரியம் செய்தார். என்னிடம் கேட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து, அவருடைய விரல் நுனியை என் கணுக்காலுக்குப் பின்பக்கத்தில் ஓரிடத்தில் வைத்தார். "துடிக்குது பாருங்கோ. இப்ப உங்கடை காலிலை அதே இடத்திலை வைச்சுப் பாருங்கோ."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் காலிலும் தன் காலிலும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்து எங்களுக்கு விரித்துக் காட்டினார். வலைக் கயிறும் நண்டு ஓடும் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள்.

"என்ரை கைக்கு ஒண்டும் விளங்கேல்லை பிள்ளையள். ரெண்டும் எனக்கு ஒரு மாதிரித்தான் கிடக்கு."

டொக்டரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, ஏதோ நாங்கள்தான் நோயாளிகள் என்பதுபோல, "ஏன் உப்பிடி முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்? இன்னும் கொஞ்ச நாள் மருந்து ஏறட்டும். மாறும்" என்றார்.

டொக்டர் போன பிறகு நான் சொல்லிப் பார்த்தேன். உண்மையாகவே சொல்லிப் பார்த்தேன். "அக்கா, டொக்டர் சொல்லுறதைக் கேளுங்கோ. என்ரை காலைப் பாக்காதையுங்கோ. எனக்குச் சீனி இல்லை. உங்கடை காலும் என்ரை காலும் ஒண்டில்லை" என்று சொன்னேன். கணவர் வந்தபோது அவருக்கும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ சொல்லுறதுதான் ரீச்சர். அவவின்ரை கால்" என்றார்.

அக்கா என்னைக் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, உமக்கும் எனக்கும் ஒரே கிருமி. ஒரே மருந்து. நீர் நடந்ததை நான் கண்ணாலை பாத்தனான். அவை சொல்லுறதை நான் பாக்கேல்லை."

அதன் பிறகு எனக்கு என் காலைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அது நாளுக்கு நாள் மாறிக்கொண்டு வந்தது. ஓரங்கள் இளஞ்சிவப்பாகி மூடிக்கொண்டு வந்தன. காலையில் மருந்து கட்டும்போது அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார். நான் வெக்கையான நேரத்திலும் போர்வையால் காலை மூடி வைத்தேன். அவர் முழித்திருக்கும்போது கட்டிலை விட்டு எழும்பாமல் இருந்தேன். கழிப்பறைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் வேண்டுமென்றே நொண்டி நொண்டிப் போனேன். இன்னும் எனக்கு நன்றாக மாறவில்லை என்று அவர் நினைக்கட்டும், அப்படியாவது யோசிக்கட்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவர் கண்டுவிட்டார். ஆனால் நான் நினைத்ததுபோல இல்லை.

"ஏன் பிள்ளை நொண்டுறீர்? திரும்ப நோகுதோ?" என்று பதறினார். "மிஸ்! மிஸ்! இஞ்சை ஒருக்கா வந்து ரீச்சற்றை காலைப் பாருங்கோ" என்று சத்தம் போட்டுத் தாதியைக் கூப்பிட்டுவிட்டார். தாதி ஓடிவந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். புண் நன்றாக இருந்தது. நோவில்லை, சும்மா பயத்தில் அப்படி நடந்தேன் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா நெஞ்சில் கை வைத்து, "அந்தோனியாரே" என்று மூச்சு விட்டார். தன் கறுத்த விரல்களுக்காக அவர் ஒருநாளும் அப்படிப் பதறியதை நான் காணவில்லை.

அடுத்த கிழமையே எனக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரோ என் பையை எடுத்துத் தன் கட்டிலில் வைத்து உடுப்புகளை மடித்துத் தந்தார்.

"அக்கா, போட்டு வாறன். டொக்டர் சொல்லுறதை ஒருக்கா யோசியுங்கோ."

"போட்டு வாரும். எனக்கும் கெதியா விட்டிடுவினம். தை பிறந்த உடனை எங்கடை பக்கம் வாரும். நல்ல நண்டு படுகிற காலம்."

நான் வாசலால் திரும்பிப் பார்த்தபோது அவர் கை காட்டிக்கொண்டிருந்தார். நொண்டாமல் நடக்கிறேனா என்று பார்த்திருப்பார்.

கொஞ்ச நாளுக்குப் பிறகு புண் காட்டுவதற்காகக் கிளினிக்குக்குப் போனேன். அவருக்கென்று தோடம்பழம் வாங்கிக்கொண்டு வாட்டுக்கு ஏறினேன். அந்தக் கட்டிலில் வேறு யாரோ ஒரு வயதான அம்மா படுத்திருந்தார். என்னைக் கண்டதும் தாதி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். நான் போன பிறகு அக்காவுக்குத் திடீரென்று நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறியதாம். கிருமி இரத்தத்தில் கலந்து, ஆள் நினைவு தவறும் நிலைக்குப் போய்விட்டாராம். கணவரிடம் கையெழுத்து வாங்கி, உயிரைக் காப்பாற்றுவதற்காக அவசர அவசரமாகச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், கண் முழித்துவிட்டார், தப்பிவிடுவார் என்று சொன்னார்.

நான் அந்தப் பிரிவு வாசலுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வெளியே நீள வாங்குப் பலகையில் அவருடைய கணவர் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். அவர்தான் முதலில் கேட்டார்.

"ரீச்சர், உங்கடை கால் எப்பிடி?"

அந்தக் கேள்வியில் ஒரு குத்தலும் இல்லை. அவர் உண்மையாகவே விசாரித்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோடம்பழப் பையை அவர் கையில் கொடுத்தேன்.

படியால் இறங்கும்போது அந்த இளம் டொக்டர் எதிரே வந்தார். எனக்கு யாரோ ஒருவருடன் கோபிக்க வேண்டும்போல இருந்தது. "மருந்து கேக்கும் எண்டுதானே லாப்பிலை சொன்னவை? பேந்து ஏன் இப்பிடி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. படியோரமாக ஒதுங்கி நின்றார்.

"லாப் பொய் சொல்லேல்லை ரீச்சர். தட்டிலை நடந்ததைத்தான் அவை சொன்னவை. அது சரிதான். ஆனா தட்டுக்கு வயசில்லை, சீனி வருத்தமில்லை, அடைபட்ட குழாயில்லை. மனிசருக்கு உதெல்லாம் இருக்கு." பிறகு சொன்னார். "நான் அந்தப் படத்தைக் காட்டாமல் விட்டிருக்கலாம். அவ அந்த வட்டத்தையே நம்பிக்கொண்டிருந்தவ. ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைக்கிறன்."

அவருடைய கண் சிவந்திருந்தது. அவர் நல்லதுக்காகக் காட்டிய படம். நான் சந்தோசத்தில் நடந்த நடை. இரண்டுமாகச் சேர்ந்து அக்காவுக்குச் சொன்ன செய்தி வேறாகப் போய்விட்டது. யாருமே பொய் சொல்லவில்லை. யாரையும் நொந்துகொள்ள வழியில்லாத கவலை எவ்வளவு பாரமானது என்று அந்தப் படியில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தை பிறந்து போனது. மாசியும் போனது. நான் கொழும்புத்துறைக்குப் போகவில்லை. பஸ்ஸிலும் போகலாம், கணவரின் மோட்டார் சைக்கிளிலும் போகலாம். தூரமில்லை. ஆனால் இரண்டு காலாலும் நடந்து அவருக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. கடைசியில் என் கணவர்தான், "நீ போகாமல் விட்டால் அவ என்னெண்டு நினைப்பா?" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தகரக் கூரை போட்ட சின்ன வீடு. முற்றத்துப் பூவரச நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் அக்கா இருந்தார். ஒரு பக்கத்தில் கக்கத்தில் ஊன்றி நடக்கும் கட்டை சாத்தியிருந்தது. மடியில் நனைந்த வலை. தண்ணீருக்குள் போக முடியாதென்பதால் கணவர் வலையோடு எல்லாவற்றையும் வீட்டுக்கே சுமந்து வந்து கொடுக்கிறார். அக்கா இருந்த இடத்திலிருந்தே நண்டு கழற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே.

"எட, இப்பதான் உமக்கு வழி தெரிஞ்சதோ!"

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவர் எனக்குக் கதிரை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். தேத்தண்ணி வந்தது. மழை, சந்தை விலை, என் முன்பள்ளிப் பிள்ளைகள் என்று ஏதேதோ கதைத்தோம். என் கண் அவருடைய சட்டைக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்துக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. என் காலை நான் கதிரைக்குக் கீழே இழுத்து வைத்திருந்தேன்.

"காலைக் காட்டும் பாப்பம்" என்றார் திடீரென்று.

"வேண்டாம் அக்கா."

"காட்டும் பிள்ளை."

செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அவர் வலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். புறங்காலில் மெல்லிய வெள்ளைத் தழும்பு ஒன்றுதான் மிச்சம். "வடிவா மாறியிட்டுது" என்றார். அவர் முகத்தில் பொய்யில்லாத சந்தோசம் இருந்தது. பிறகு நிமிர்ந்து, தன் கணவர் வள்ளத்திலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கரைப் பக்கம் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு விரலோடை போயிருக்கும், என்ன?"

நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். அவர் வலையைத் திரும்ப மடியில் எடுத்து வைத்தார். பிறகு என் முழங்காலில் தட்டினார்.

"உம்மிலை பிழையில்லை பிள்ளை. நீர் எனக்குச் சொன்னனீர். நான்தான் உம்மடை வாயைக் கேக்காமல் உம்மடை காலைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

என் பிழை இல்லை என்று அவர் சொன்னதும் என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து அழுதுகொண்டு வந்தேன்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவரைப் போய்ப் பார்க்கிறேன். அவருக்கு ஒரு செயற்கைக் கால் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குள் நடக்கிறார், கோயிலுக்குப் போகிறார். கடலுக்குள் இறங்குவதில்லை. ஒருவர் இறங்கி ஒருவர் கரையில் இருப்பதால் அவர்கள் போடும் வலையும் பாதியாகிவிட்டது. அதைப் பற்றி அவர் புலம்புவதில்லை. விடியப்புறம் படகுச் சத்தம் கேட்டால் மட்டும் எழும்பி வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். கணவர் சொன்னார்.

போன கிழமை முன்பள்ளியில் ஒரு பிள்ளையின் தாய் என்னிடம் வந்தார். அவருடைய மாமியாருக்குக் காலில் புண்ணாம். "ரீச்சர், உங்களுக்கு முந்திக் காலிலை வந்து நல்லா மாறினதாமே. என்ன மருந்து பாவிச்சனீங்கள்?" என்று ஆவலோடு கேட்டார். அந்த மருந்தின் பெயர் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அதைச் சொல்லியிருந்தால் அவர் எவ்வளவோ ஆறுதலோடு போயிருப்பார். நான் சொல்லவில்லை. மாமியாருக்குச் சீனி இருக்கிறதா என்று கேட்டேன். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அவர் கொஞ்சம் ஏமாந்த முகத்தோடுதான் போனார்.

என் கால் நன்றாக மாறிவிட்டது. ஆனால் அதை இன்னொருவருக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்ல மட்டும் இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை.